அப்பத்தாவுக்கு ஒரு ஒப்பாரி

எங்கள் வீட்டில் இரண்டு பாட்டிகள் இருந்தார்கள். அப்பாவைப் பெற்ற அப்பத்தாவும், அம்மாவைப் பெற்ற அம்மாச்சியும். அம்மாச்சி, அப்பத்தாவின் அண்ணன் மனைவி. மாமன் மகளை அத்தை மகனுக்குக் கட்டிக் கொடுத்ததில் நாத்தனாரும் மதினியும் சம்பந்திகளாகவும் ஆகி, கேரளத்து உடும்பஞ்சோலையில் ஒரே கூரைக்குக் கீழே சண்டை போட்டுக்கொண்டே வயதானார்கள். ஏலக்காய் எடுக்கப் போன காலத்தில், என் வரிசைக்குள் நீ எப்படிக் கை நீட்டலாம் என்று தகராறு. வேலையை விட்ட பிறகு குழம்பில் புளி கூடிவிட்டதென்று தகராறு.

அம்மாச்சிக்கு ஒப்பாரி கைவந்த கலை. சுற்றுவட்டாரத்தில் எந்தத் தமிழ் வீட்டில் சாவு விழுந்தாலும் ஜீப் அனுப்பி அழைத்துப் போவார்கள். செத்தவரின் குணத்தை நாலே வரியில் சொல்லிவிடுவாள். கல்நெஞ்சுக்காரர்களும் மூக்கைச் சிந்துவார்கள்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் அப்பத்தாவின் இதயம் பலவீனமாகிவிட்டது. ஆபரேஷன் தாங்காது, இருக்கிறவரை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தேனியில் டாக்டர் சொல்லிவிட்டார். அப்பத்தா அதை அலட்டிக்கொள்ளாமல் கேட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் மதினியைப் பிடித்துக்கொண்டாள்.

“மதினி, நான் செத்தா என்னைய என்னன்னு பாடுவீக?”

“போடி கிறுக்கி. உசுரோட இருக்கிறவளுக்கு ஒப்பாரி வச்சா வீடு வெளங்குமா?”

“செத்த பெறகு எனக்குக் காது கேக்குமாக்கும்? அம்பது வருசமா வஞ்சிருக்கீக. உள்ளுக்குள்ள என்னதான் நெனச்சிருக்கீகன்னு தெரியாமயே போகவா?”

விளையாட்டுப் பேச்சு என்றுதான் நினைத்தேன். இல்லை. இரண்டு நாள் அவள் அம்மாச்சி கையால் சோறு வாங்கவில்லை. மாத்திரையையும் தள்ளிவிட்டாள். எனக்கு எரிச்சலாக வந்தது. இரண்டு கிழவிகளையும் சேர்த்து வைத்துத் திட்டினேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் அம்மாச்சி இறங்கி வந்தாள். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, வேகவைத்த கப்பைக்கிழங்கைத் தட்டில் போட்டு அப்பத்தாவிடம் நீட்டினாள்.

“நான் பாடி முடிக்கிற வரைக்கும் மென்னுக்கிட்டே இரு. செத்தவ மெல்ல மாட்டா. பாட்டைக் கேட்டு எமன் ஏமாந்து வந்துறக் கூடாது.”

பிறகு கொண்டையை அவிழ்த்துவிட்டு ஆரம்பித்தாள்.

“மழையில நனைஞ்சு வந்து, மாத்துச் சேலை கட்டாம,
பிள்ளை பெத்துக் கெடந்த எனக்குக் கஞ்சி காச்சித் தந்தவளே…”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் அம்மா பிறந்த சமயத்தில் நடந்ததாக அப்பத்தா எப்போதோ சொன்ன கதை அது. அம்மாச்சி அதைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை. அப்பத்தா மெல்வதை நிறுத்திவிட்டாள். “மெல்லுடி!” என்று பாட்டுக்கு நடுவிலேயே அதட்டினாள் அம்மாச்சி.

“கஞ்சி இல்ல மதினி, கேப்பைக் கூழு” என்று திருத்தினாள் அப்பத்தா. கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டிக்கொண்டிருந்தது.

அம்மாச்சியின் குரல் சாத்திய கதவுக்கெல்லாம் அடங்குகிற குரலா? கால் மணி நேரத்தில் வாசலில் கூட்டம். அக்கம்பக்கத்துப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். எதிர்வீட்டு மலையாளத்துச் சேட்டன் பந்தல்காரருக்குப் போனே போட்டுவிட்டார். கதவைத் திறந்தால், பிணம் கட்டிலில் உட்கார்ந்து கப்பை தின்றுகொண்டிருக்கிறது. “வந்ததுதான் வந்தீக, ஆளுக்கு ஒரு துண்டு எடுத்துக்கங்க” என்றாள் அப்பத்தா. பந்தல்காரரைத் திருப்பி அனுப்ப நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஐந்து மாதம் கழித்து, அடைமழைக் காலத்தில், அப்பத்தா தூக்கத்திலேயே போய்விட்டாள். அவளில்லாத வீட்டை என்னால் தாங்க முடியவில்லை. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு, அம்மாச்சி முதல் வரியை எடுத்துக் கொடுக்கட்டும் என்று காத்திருந்தார்கள். அம்மாச்சியோ தலைமாட்டில் உட்கார்ந்து அப்பத்தாவின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். வாயே திறக்கவில்லை.

“ஊருக்கெல்லாம் பாடுனவ, சொந்த நாத்தனாருக்குப் பாட மாட்டேங்கிறாளே. பழைய பகை போகலை போல” என்று கம்பத்திலிருந்து வந்த உறவுக்காரி ஒருத்தி காதுபடவே சொன்னாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளை நாலு வார்த்தை கேட்க எழுந்துவிட்டேன். அம்மாச்சி என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

“அவளுக்குப் பாடிட்டேன்த்தா. அவ கேட்டுட்டா” என்றாள். “இனிமே பாடுனா, அது இவுகளுக்குத்தான்.”