வைஃபை வாசலில் ஒரு டைம் ஆபீஸ்

போன திங்கட்கிழமை காலை ஏழு மணியிலிருந்து ஒன்பது ஐம்பத்தாறு வரை எங்கள் வீட்டில் நான் கணவனாக இல்லை, மாப்பிள்ளையாக இல்லை. வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்களோடு அரட்டை அடிக்கும் எழுத்தாளனாகவும் இல்லை. வெறும் குற்றவாளி.

என்ன குற்றம்? முந்தின நாள் சாயங்காலம் ஒரு பட்டனை அழுத்தினேன்... அவ்வளவுதான்.

என் மனைவி ஸ்டெல்லாவின் ஆபீஸ் லேப்டாப்பில் ஒரு வாரமாக ஒரு செய்தி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது. 'ஆபரேட்டிங் சிஸ்டத்தின் புதிய பதிப்பு தயார். இப்போதே மாற்றவா, பிறகா?' ஸ்டெல்லா தினமும் 'பிறகு' என்று அழுத்திவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். ஞாயிறு சாயங்காலம் அவள் ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். லேப்டாப் மேஜையில் திறந்தபடி இருந்தது. செய்தி மறுபடி வந்தது. வீட்டில் நான் மட்டும். ஒரு படித்த மனிதன் என்ன செய்வான்?

மனைவிக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டேன். சத்தியமாக.

இங்கே கொஞ்சம் பின்கதை சொல்ல வேண்டும். ஸ்டெல்லாவுக்கு பெங்களூரில் ஒரு உதிரி பாகக் கம்பெனியில் வேலை. ஸ்டாக் பிரிவு. பத்தொன்பது வருஷமாக விடியற்காலையில் எழுந்து, டிபன் கட்டி, ஊரிகம் ஸ்டேஷனுக்கு ஓடி ரயில் பிடிக்கிறாள். திரும்பி வர இரவு எட்டாகிவிடும். தூக்கத்திலேயே 'பங்காருபேட்டை வந்துடுச்சா?' என்று கேட்பாள். நான் 'இன்னும் வரல, தூங்கு' என்பேன். எங்கள் கோலார் தங்க வயலில் பாதிக் குடும்பங்களின் கதை இதுதான். சுரங்கம் மூடிய பிறகு ஊரே ரயிலேறிவிட்டது.

இந்த வருஷம் அவள் முழங்கால் மறியல் செய்ய ஆரம்பித்தது. டாக்டர் படி ஏறாதே என்றார். மேனேஜரிடம் பலமுறை கேட்டு, கடைசியில் ஒரு சலுகை கிடைத்தது — வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை. அதுவும் சோதனைக்கு. "கே.ஜி.எஃப்.ல நெட் எல்லாம் ஒழுங்கா வருமா, ஸ்டெல்லா? முதல் நாளே மீட்டிங் மிஸ் ஆச்சுன்னா, பழையபடி டிரெயின்தான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். சிரித்துக்கொண்டே சொல்கிற மேனேஜர்கள் சொன்னபடி செய்வார்கள் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

அந்த முதல் நாள் திங்கட்கிழமை. மீட்டிங் பத்து மணிக்கு.

காலை ஏழுக்கு லேப்டாப்பைத் திறந்தாள். புதுத் திரை, புதுப் படம், புது எழுத்து. எல்லாம் பளபளவென்று இருந்தது. வைஃபை மட்டும் இல்லை. 'இந்த நெட்வொர்க்கில் இணைய முடியவில்லை.'

"ஏங்க... நேத்து இத யாரு தொட்டது?"

வீட்டில் மூன்றே பேர். நான், ஸ்டெல்லா, அவளுடைய அப்பா ஆரோக்கியசாமி. மாமனாருக்கு எழுபத்தாறு வயசு. சுரங்கத்தின் டைம் ஆபீஸில் கிளார்க்காக இருந்தவர். யார் எத்தனை மணிக்குக் கீழே இறங்கினார்கள், எத்தனை மணிக்கு மேலே வந்தார்கள் என்று எழுதும் இடம் அது. அவர் அடுத்தவர் சாமானை அனுமதி இல்லாமல் தொட மாட்டார். மிச்சம் யார்?

"நான் பாத்துக்கறேன், நீ டீ குடி" என்றேன். கல்யாணமான ஆண்கள் இந்த வாக்கியத்தைச் சொல்லும்போது யாராவது வந்து தடுக்க வேண்டும்.

லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தேன். ரூட்டரை அணைத்துப் போட்டேன். நெட்வொர்க்கை மறக்கச் சொல்லிவிட்டு, பாஸ்வேர்டை முதலிலிருந்து அடித்தேன். மறுபடி மறக்கச் சொன்னேன், மறுபடி அடித்தேன். என் போனில் அதே வைஃபை ஜம்மென்று ஓடுகிறது. லேப்டாப்பில் மட்டும் இல்லை. இணைய கம்பெனிக்குப் போன் போட்டேன். எதிர்முனையில் ஒரு கன்னடப் பெண் குரல் மிகப் பரிவாக, "ரூட்டர் ஆஃப் மாடி, ஆன் மாடி சார்" என்றது. அணைத்துப் போடணுமாம். மாடியாச்சு அம்மா, மூணு தடவை மாடியாச்சு.

ஸ்டெல்லாவின் ஆபீஸில் கம்ப்யூட்டர் ஆட்கள் வருவதே பத்து மணிக்குத்தான். போன் வழியாக மீட்டிங்கில் சேரலாம். ஆனால் அவள் லேப்டாப்பில் இருக்கும் ஸ்டாக் ரிப்போர்ட்டை எல்லோருக்கும் காட்டி விளக்க வேண்டும். என் போனின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுப் பார்த்தோம். எங்கள் லைன் வீட்டுக்கும் செல்போன் டவருக்கும் நடுவில், தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சயனைடு மண்மேடு மலை போல நிற்கிறது. பின்கட்டில் தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்றால் ஒரு கோடு சிக்னல் வரும், உட்கார்ந்தால் போய்விடும். நின்றுகொண்டே சோதனைக்கு ஒரு வீடியோ கால் போட்டாள். ஸ்டெல்லாவின் முகம் வாய் திறந்த நிலையில் உறைந்து நின்றது. பார்க்கப் பாவமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. சிரிக்கவில்லை. எனக்கும் உயிர் மேல் ஆசை உண்டு.

இதற்கு நடுவில் மாமனார் வேறு. கூடத்தில் தன் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாதிரி உஷாராக உட்கார்ந்திருந்தார்.

"மாப்ள, ஒரு விஷயம்..."

"மாமா, அப்பறம்."

அரை மணி கழித்து மறுபடி வந்தார். "மாப்ள, காலைலருந்து யாரோ நம்ம வைஃபைக்குள்ள நுழையப் பாக்கறானுங்க..."

"மாமா, இது ஆபரேட்டிங் சிஸ்டம் பிரச்சினை. உங்களுக்குப் புரியாது. கொஞ்சம் உக்காருங்க."

இதை எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது. அந்தக் குரலில் பேசினேன் — ஏதோ நானே ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுதியவன் மாதிரி. அவர் போனோடு திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

ஒன்பதே முக்கால். ஸ்டெல்லா நாற்காலியில் சாய்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். "உடுங்க. மேனேஜருக்குப் போன் பண்ணி சொல்லிடறேன். நாளைக்கு டிரெயினுக்குப் போறேன்" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை.

கூடத்திலிருந்து மாமனார் எழுந்து வந்தார். இந்த முறை என்னிடம் வரவில்லை, நேரே மகளிடம்.

"ஸ்டெல்லா, நீயாச்சும் கேளும்மா. ஏழு மணிலருந்து ஆறு பேரு வந்து கேட்ல நின்னுட்டு போயிட்டானுங்க. ஒருத்தன் நம்பரு கூட நம்ம லிஸ்ட்ல இல்ல. ஒருத்தனையும் உள்ள உடல."

"இன்னா கேட்டு? இன்னா லிஸ்ட்டு, டாடி?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

போன வருஷம் தெருவில் பாதிப் பேர் எங்கள் வைஃபையில் சினிமா பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாஸ்வேர்டைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தது அடியேன். மாமனாருக்குப் பொறுக்கவில்லை. கனெக்‌ஷன் சரிபார்க்க வந்த டெக்னீஷியனைப் பிடித்து உட்கார வைத்து, ஒரு வழி கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார். ஒவ்வொரு போனுக்கும் லேப்டாப்புக்கும் பிறவியிலேயே ஒரு நம்பர் உண்டு. அந்த நம்பர் பட்டியலில் இருந்தால்தான் ரூட்டர் உள்ளே விடும். பாஸ்வேர்டு சரியாக இருந்தாலும் சரி, நம்பர் இல்லாதவன் வெளியே. யாராவது புது ஆள் வந்து முட்டினால் மாமனாரின் போனில் மணி அடிக்கும்.

சுரங்கத்தில் அப்படித்தானாம். ஆளுக்கொரு நம்பர் போட்ட பித்தளை டோக்கன். டோக்கன் இல்லாவிட்டால் ஆட்களைக் கீழே இறக்கும் கேஜில் ஏற முடியாது, மேனேஜருக்கு மச்சானாக இருந்தாலும். மனிதர் எங்கள் வீட்டு வைஃபைக்கு ஒரு டைம் ஆபீஸே திறந்துவிட்டிருக்கிறார், எனக்குத் தெரியாமல்! ஒரு வருஷமாக வீட்டுக்கு வந்த விருந்தாளிகளிடமெல்லாம், 'இங்க வைஃபை அப்படித்தான், சயனைடு மேடு மறைக்குது' என்று நான் விஞ்ஞான விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார்.

ஸ்டெல்லா நிமிர்ந்தாள். "டாடி, கடைசி ஆளு எப்ப வந்தான்?"

"ஒம்போது முப்பத்தெட்டு."

என் பக்கம் திரும்பினாள். "நீங்க கடைசியா எப்ப பாஸ்வேர்டு போட்டீங்க?"

"இப்பதான்... ஒரு... ஒம்போதரை, ஒம்போது நாப்பது இருக்கும்..."

"அதுக்கு முன்ன?"

எண்ணிப் பார்த்தேன். காலையிலிருந்து மொத்தம் ஆறு தடவை நெட்வொர்க்கை மறக்கச் சொல்லி மறுபடி போட்டிருக்கிறேன். ஆறு தடவை. ஆறு திருடர்கள்.

"டாடி, அந்த ஆறு பேரும் இவருதான்!"

மாமனார் ஒப்புக்கொள்ளவில்லை. "இன்னாம்மா சொல்ற? உன் லேப்டாப்பு நம்பரு என்கிட்ட கீது. டிரெயின்ல தொலைஞ்சா உதவும்னு எழுதி வாங்கினேனே? இவனுங்க நம்பரே வேற. ஆறும் ஆறு நம்பரு!"

அப்போது எனக்குள் ஏதோ ஒன்று எரிந்தது. மூளைதான் என்று நினைக்கிறேன். செட்டிங்குக்குள் போய்த் தேடினேன். இருந்தது. புதிய பதிப்பின் புதிய வசதி — உங்கள் அந்தரங்கத்தைக் காக்க, உங்கள் கருவி இனிமேல் தன் நிஜ நம்பரைச் சொல்லாது. நெட்வொர்க்கை மறந்து மறுபடி சேரும் ஒவ்வொரு முறையும் ஒரு பொய் நம்பர் சொல்லும். யாரும் கேட்காமலேயே அதை ஆன் செய்து வைத்திருந்தார்கள்.

நல்ல எண்ணம்தான். ரயில்வே ஸ்டேஷனில், காபிக் கடையில், முன்பின் தெரியாத வைஃபையில் நம்மை யாரும் பின்தொடராமல் இருக்க இது நல்ல ஏற்பாடு. ஆனால் சொந்த வீட்டு வாசலில் மாறுவேஷம் போட்டுக்கொண்டு வந்து நின்றால், ஆரோக்கியசாமி எப்படி உள்ளே விடுவார்?

"மாமா, சீக்கிரம்! இப்ப சொல்ற நம்பர லிஸ்ட்ல சேத்துடுங்க, மீட்டிங்குக்கு எட்டு நிமிஷம்தான் இருக்கு!"

"பொய் நம்பர நான் எழுத மாட்டேன்."

"மாமா!"

"முப்பத்தோரு வருஷம் எழுதல மாப்ள. இன்னிக்கு எழுதுவனா? நெச நம்பர சொல்லச் சொல்லுங்க அத."

மேனேஜருக்குக்கூடச் சமாதானம் சொல்லலாம், மாமனாருக்குச் சொல்ல முடியாது. அந்த வசதியை அணைத்தேன். லேப்டாப் தன் நிஜ நம்பரைக் காட்டியது. அவர் உள்ளே போய் ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். நிதானமாகத் துடைத்தார். பிறகு நோட்டிலிருந்து இரண்டிரண்டு எழுத்தாகப் படித்தார். ஸ்டெல்லா திரையைப் பார்த்து ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். திருப்பிச் சொல்லாமல் அடுத்ததற்குப் போக மாட்டாராம், அது ரூல். பன்னிரண்டு எழுத்தும் முடிந்தது.

"நம்ம ஆளுதான். வரச் சொல்லு."

ஒன்பது ஐம்பத்தாறு. வைஃபை வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது என்றால் நம்புவீர்களா? நம்புங்கள்.

பத்து மணிக்கு ஸ்டெல்லா கதவைச் சாத்திக்கொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் கூடத்தில் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தோம். பதினொன்றரைக்கு வெளியே வந்தவள், "ரிப்போர்ட் ஓகே. நெட் நல்லா இருக்குன்னு மேனேஜரே சொன்னாரு. புதன்கிழமையும் வூட்லதான்" என்றாள். பிறகு இடுப்பில் கை வைத்து நின்று இரண்டு பேரையும் ஒரே மூச்சில் திட்டினாள் — சொல்லாமல் அப்கிரேட் செய்தவருக்கு ஐந்து நிமிஷம், சொல்லாமல் கேட் போட்டவருக்கு ஐந்து நிமிஷம். பாரபட்சம் இல்லை.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். சாயங்காலம் அந்த நோட்டை மாமனார் மேஜையிலேயே விட்டுவிட்டுக் கடைக்குப் போயிருந்தார். பட்டியலில் என் போன் நம்பர் எப்படி இருக்கிறது என்று பார்க்கலாமே என்று திறந்தேன்.

கடைசிப் பக்கத்தில்தான் அந்த வைஃபை பட்டியல் இருந்தது. மற்ற பக்கமெல்லாம் வேறு. தேதி, 'போன நேரம்', 'வந்த நேரம்' என்று மூன்று பத்தி. எல்லாம் ஸ்டெல்லாவின் ரயில். காலை நாலு ஐம்பது, இரவு எட்டு பத்து. நாலு ஐம்பத்திரண்டு, எட்டு நாற்பது. ரயில் தாமதமான நாட்கள் சிவப்பு மையில். அவர் திரும்பி வந்ததும், "எத்தன வருஷமா எழுதறீங்க மாமா?" என்று கேட்டேன்.

"அவ வேலைக்குப் போன நாள்லருந்து. இது அஞ்சாவது நோட்டு. டைம் ஆபீஸ்ல எதுக்கு மாப்ள டோக்கனு? திருட்டுக்கு மட்டுமா? கீழ போனவன் எல்லாம் மேல வந்துட்டானான்னு பாக்கத்தான். ஒரு டோக்கன் கொறைஞ்சாலும் நான் சீட்ட உட்டு எந்திரிக்க மாட்டேன்."

இத்தனை வருஷமும் அவள் கிளம்பிய நேரத்தில் நான் போர்வைக்குள் இருந்திருக்கிறேன். அவர் விழித்திருந்திருக்கிறார். இந்த மனிதரிடம்தான் 'உங்களுக்குப் புரியாது' என்று சொன்னேன். "மன்னிச்சிடுங்க மாமா" என்றேன். "எதுக்கு?" என்று கேட்டுவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

திங்கட்கிழமை வரிசையில் போன நேரத்துக்கும் வந்த நேரத்துக்கும் சேர்த்து நீளமாக ஒரு கோடு இழுத்து, நடுவில் 'வீட்டில்' என்று எழுதினார். எழுதிவிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குக் கீழே சிவப்பு மையில் இன்னொரு வரி: 'மாப்பிள்ளை. உத்தரவு இல்லாமல் அப்கிரேட். முதல் வார்னிங்.'

சுரங்கத்தில் மூன்று வார்னிங் ஆனால் நம்பர் போய்விடுமாம். இன்று காலை என் போனில் ஒரு செய்தி — 'புதிய பதிப்பு தயார். இப்போதே மாற்றவா, பிறகா?'

மாமாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்பதற்கு அதில் பட்டனே இல்லை.