சுல்தான் வரை பதினான்கு பெயர்கள்

எண்பதுகளில் துபாய் க்ரீக் கரையோரம் ஒரு குடோனில் எனக்கு வேலை. எங்கள் வாட்ச்மேன் சோமாலியாக்காரர். டூட்டி நேரமெல்லாம் தன் அப்பா, அவருடைய அப்பா, அவருக்கும் அப்பா என்று பதினான்கு பெயர்களை முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். பதினான்காவது ஆள் அவர்கள் குலத்தின் முதல் சுல்தான். குலத்தார் கூடித் தலையில் பச்சிலை வைத்து அரசராக்கிய மனிதர். கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடமாகிவிட்டது. கராமா பகுதியில் நாங்கள் தங்கியிருந்த ரூமில் குளிக்கும்போது அதை ராகம் போட்டுச் சொல்லி, கூட இருந்தவர்களிடம் வசவு வாங்கியிருக்கிறேன்.

ஒருநாள் காலை மனிதர் துடியாய்த் துடித்தார். மனைவிக்குப் பிரசவம் நெருங்கிவிட்டது. முந்தைய இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. லீவு கிடைத்துவிட்டது. ஆனால் அவர் ஊர்ப்பக்கம் போக ஒரே ஒரு சரக்கு லாஞ்சிதான், அதுவும் அன்று மதியமே கிளம்புகிறது. அதை ஓட்டும் நகுதாவும் சோமாலியர்தான். "ஆளுக்கு இடம் மாஃபி, கலாஸ்!" இடமில்லை, அவ்வளவுதான் என்று கையை விரித்துவிட்டார்.

நாம் இருவரும் ஒரே சுல்தான் வழி என்று வாட்ச்மேன் மன்றாடினார். சுல்தான் பெயரை எவனும் சொல்லலாம், நடுவில் இருப்பவர்களைச் சொல் என்றாராம் நகுதா. வழியனுப்பப் போய்க் கூட நின்ற எனக்கு அவர்கள் பேச்சில் பெயர்கள் மட்டும்தான் புரியும்; மற்றதெல்லாம் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டது.

வாட்ச்மேன் ஆரம்பித்தார். ஒன்பதாவது பெயரோடு நின்றுவிட்டார். அடுத்தது வரவில்லை. நகுதா கயிற்றை அவிழ்க்கச் சொல்லித் திரும்பிவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"யோவ், பத்தாவது ஆளை முழுங்கிட்டியேய்யா!" என்று தமிழிலேயே கத்தி அந்தப் பெயரைச் சொன்னேன். வாட்ச்மேன் பிடித்துக்கொண்டார். பன்னிரண்டாவது பெயரில் நகுதாவும் சேர்ந்தார்; அங்கிருந்து இருவருக்கும் ஒரே முன்னோர். சுல்தான் பெயரை மூன்று பேரும் ஒன்றாகக் கத்தினோம். ஒரு ஹிந்திக்கே, அதாவது இந்தியாக்காரனுக்கே, மனப்பாடம் என்றால் இவன் எத்தனை தடவை சொல்லியிருப்பான் என்று நகுதா அரபியில் சொல்லி விழுந்து விழுந்து சிரித்து, வாட்ச்மேனைக் கட்டிப்பிடித்து ஏற்றிக்கொண்டார். உன் வரிசையைச் சொல் என்று என்னையும் கேட்டார். என் வரிசை தாத்தாவோடு சரி.

இரண்டு மாதம் கழித்து அதே லாஞ்சி வந்தது. நகுதா மேலே நின்றபடி, நான் கேள்விப்படாத ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லிவிட்டுச் சிரித்தபடி என் முகத்தையே பார்த்தார். அப்புறம் புரிந்தது. குழந்தை பிறந்துவிட்டது, பெண், நன்றாக இருக்கிறாள்! கையிலிருந்த சாக்கைப் போட்டுவிட்டு, அவள் பெயரை முதலில் வைத்து, அடுத்து வாட்ச்மேன் பெயரைச் சேர்த்து, சுல்தான் வரை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.