விமானம் ஏறாத ஆட்டக்காரனும் நானும்

தேநீரில் தூக்கமாத்திரை கலந்து தந்து, என்னைச் சூட்கேசோடு சூட்கேசாக விமானத்தில் ஏற்றப்போகிறாள் என் மனைவி. போன வசந்தகாலம் முழுக்க இதை நம்பினேன். சும்மா நம்பவில்லை, ஆதாரங்கள் இருந்தன.

ஒல்லாந்தில் இருக்கும் என் தங்கச்சியின் மகளுக்குக் கலியாணம். தாய்மாமன் நான் ஒருவன்தான். மணவறைக்குப் பக்கத்தில் நான் நிற்கவேண்டும். நானோ கனடாவுக்கு வந்த விமானம் நடுவானில் குலுங்கியதிலிருந்து வேறொன்றிலும் ஏறாதவன்.

கேலி செய்பவர்களுக்கு ஒல்லாந்துக் கால்பந்து அணியின் அந்தப் பெரிய முன்கள ஆட்டக்காரனைத்தான் காட்டுவேன். வெகுதூரம் பறந்துவந்த பந்தைக் காலால் பூப்போல இறக்கி, அடுத்த தட்டில் எதிரணித் தடுப்பாட்டக்காரனை ஏமாற்றி, அதற்கடுத்ததில் வலைக்குள் போட்டவன். அவனும் ஒரு கட்டத்துக்குமேல் விமானம் ஏறவில்லை. கிட்டவென்றால் காரிலோ ரயிலிலோ போய் விளையாடினான். தூரமென்றால் அணி அவனை விட்டுவிட்டுப் போனது. இந்தக் கடைசி வரியை மட்டும் நான் யாருக்கும் சொல்வதில்லை.

"அவர் கோல் அடிச்சவர். நீங்கள் என்னத்தை அடிச்சனியள்?" என்பாள் மனைவி.

கலியாணம் நெருங்க, அவள் பால்கனிக் கதவைச் சாத்திவிட்டுத் தங்கச்சியோடு போனில் கதைக்கத் தொடங்கினாள். நான் போனால், "பேந்து எடுக்கிறன் மச்சாள்" என்று வைத்துவிடுவாள். அவளுடைய தம்பி அடிக்கடி வந்தான். வந்தவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அது அதைவிடச் சந்தேகம். தேநீரும் கொஞ்சம் கசந்தது. ஒருநாள் அவள் பார்க்காத நேரம் கோப்பைகளை மாற்றி வைத்தேன். அவள் குடித்துவிட்டு சோபாவிலேயே தூங்கிப்போனாள். வேறென்ன சாட்சி வேண்டும்? விடியலிலிருந்து குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளைகளுக்குப் பின்னால் ஓடிவிட்டு வந்தவள் என்பதை நான் வழக்கில் சேர்க்கவில்லை. அதன்பிறகு வீட்டில் தேநீரே குடிக்கவில்லை. மூலைக்கடைக் கோப்பியில் உயிர் வாழ்ந்தேன்.

ஒரு சனிக்கிழமை மைத்துனன் காரோடு வந்து நின்றான். வில்லரே பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வெளியே வளைந்து இறங்கும் இரும்புப் படிக்கட்டில் நான் கைப்பிடியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"என்னை இழுத்துக்கொண்டு போகேலாது, சொல்லிப்போட்டன்."

"உங்களை ஆர் அத்தான் வரச்சொன்னது?" என்றான். "கொஞ்சம் தள்ளுங்கோ, அக்காவின்ரை பெட்டியை இறக்கவேணும்."

ஒரு பெட்டிதான் இருந்தது. அவனுடையது ஏற்கெனவே காருக்குள்.

"அப்ப மாமன்ரை இடத்திலை ஆர் நிக்கிறது?"

மனைவி செருப்பை மாட்டியபடி, "தம்பி நிப்பான். மச்சாளிட்டைக் கேட்டாச்சு" என்றாள்.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே நீர்?"

"சொன்னா வாறன் எண்டுவியள். விமான நிலையத்திலை வயித்துக்குத்து வரும். போனமுறை மாதிரி."

கைப்பிடியை விட்டேன். பெட்டியின் ஒரு பக்கத்தை நானே தூக்கிக் கொடுத்தேன்.

கலியாணத்தைக் கைப்பேசியில் பார்த்தேன். மணவறைக்குப் பக்கத்தில் மைத்துனன் நின்றான். எனக்கென்று அவர்கள் டிக்கெட் எடுக்கவே இல்லை.