ரஞ்சனோடு சிப்பாய்த் தெருவுக்கு

போன ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை, ஹனோவரிலிருந்து கைசர்ஸ்லவுட்டேர்ன் பக்கத்தில் உள்ள ஒரு சிறிய ஊருக்குப் போய் வந்தோம். போனதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்றை எல்லோருக்கும் சொன்னேன். மற்றது என் மனைவிக்கும் லண்டனில் இருக்கும் பெரியக்காவுக்கும் மட்டும்தான் தெரியும்.

சொல்லக்கூடிய காரணம் என் மகள் தர்சிகா. வரலாறு படித்தவள். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ஜேர்மனியில் நிறுத்தப்பட்டிருந்த கறுப்பின அமெரிக்கச் சிப்பாய்களைப் பற்றித்தான் அவள் தன் ஆய்வை எழுதினாள். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கென்று ஒதுக்கிய உணவுக்கடைகளில் போய் உட்கார்ந்து அடி வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், அவர்களுடைய அண்ணன்மார் இங்கே சீருடையோடு காவல் நின்றார்கள். "அப்பா, கோட்டையையும் வைன் தோட்டத்தையும் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறியள். இதையும் ஒருக்காப் போய்ப் பாருங்கோவன்" என்று இரண்டு வருடமாக நச்சரித்தாள்.

சொல்லாத காரணமும் அவளைப் பற்றியதுதான். தர்சிகாவும் ரஞ்சனின் மகன் கஜனும் கல்யாணம் செய்ய விரும்புகிறார்கள். ரஞ்சன் என் இருபத்தேழு வருட நண்பன். ஓர் இத்தாலிய உணவகத்தின் சமையலறையில் இருவரும் சேர்ந்து சட்டி கழுவினோம். இன்று அவன் ஹனோவரில் ட்ராம் ஓட்டுகிறான், நான் பார்சல் பிரிக்கும் நிலையத்தில் வேலை செய்கிறேன். பிள்ளைகள் விசயம் தெரிந்த அன்று எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம். பெரியக்காவுக்குப் போன் எடுத்தேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்.

"ரஞ்சன் நல்ல பெடியன்தான் தம்பி. ஆனா பருத்தித்துறைப் பக்கம் எண்டா எவடம்? அதை மட்டும் கேட்டுச் சொல்லு."

தமிழ்நாட்டு வாசகர்களுக்காக ஒரு விளக்கம். யாழ்ப்பாணத்தவர் யாரும் உங்கள் சாதி என்னவென்று கேட்க மாட்டார்கள், அது நாகரிகம் இல்லை. ஊரில் எவடம், அதாவது எந்த இடம், என்பார்கள். பிறகு எந்தக் குறிச்சி, எந்தக் கோயிலடி, ஆருடைய மகன். நாலாவது கேள்வியில் எல்லாம் வெளியே வந்துவிடும். ரஞ்சன் எப்போதும் "பருத்தித்துறைப் பக்கம்" என்பதோடு நிறுத்திவிடுவான். எனக்கும் இத்தனை வருடமாக அந்தப் 'பக்கம்' போதுமாக இருந்தது. ஆனால் அம்மா செத்த பிறகு என்னைத் தூக்கி வளர்த்தவர் பெரியக்கா. அவர் சொல்லை நான் ஒருநாளும் தட்டியதில்லை. போகிற வழியில் பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிடலாம் என்று நினைத்து, ரஞ்சனையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

காலை 6.26க்கு ஹனோவரில் விரைவு ரயில். மன்ஹைமில் இறங்கி, பிராந்திய ரயில் பிடித்து, கைசர்ஸ்லவுட்டேர்னுக்கு 10.30க்குப் போய்ச் சேர்ந்தோம். தூரம் சுமார் 450 கிலோமீற்றர். முன்கூட்டியே பதிவு செய்ததால் விரைவு ரயிலுக்கு ஒரு வழிக்கு ஆளுக்கு 37.90 யூரோ. மன்ஹைமுக்கு அப்பால், பிராந்திய ரயில்களுக்கான மாதாந்த டொய்ச்லாண்ட் டிக்கெட்டே போதும்.

ரஞ்சனோடு ரயிலில் போவது தனி அனுபவம். தொழில் புத்தி விடாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் சாரதி பிறேக் பிடித்ததற்குப் புள்ளி போட்டுக்கொண்டே வந்தான். கசெல் தாண்டியதும் நான் மெல்ல ஆரம்பித்தேன். "ரஞ்சன், உங்கட ஊர்ப்பக்கம் கடல் எவ்வளவு தூரம்?" என்றேன். "ஏன், நீந்தப் போறியோ?" என்றான். ஃபிராங்க்ஃபுர்ட்டில், "உங்கட வீட்டடிக் கோயில் திருவிழா எப்ப வாறது?" என்றேன். அவன் ரொட்டிப் பொதியை அவிழ்த்து, சம்பலை என் பக்கம் தள்ளி, "சாப்பிடடா" என்றான். அதன்பிறகு நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கைசர்ஸ்லவுட்டேர்ன் நிலையத்து வாசலில் 10.50க்கு பஸ். காட்டு வழியாக 35 நிமிடம். மணிக்கு ஒரு பஸ்தான், இதை நினைவில் வையுங்கள். ஊரில் பழைய பள்ளிக்கூடத்தின் இரண்டு அறைகள்தான் காட்சியகம். நுழைவு 4 யூரோ. சுவர் நிறையப் படங்கள்: பனியில் நிற்கும் கறுப்பினச் சிப்பாய்கள், ஜேர்மன் பெண்களோடு நடனம், குழந்தையோடு ஒரு தம்பதி. ஒரு மூலையில் அமெரிக்காவில் எடுத்த படம். உணவுக்கடையில் நான்கு மாணவர்கள் நேராக உட்கார்ந்திருக்கிறார்கள், பின்னால் நிற்கும் கூட்டம் அவர்கள் தலையில் சீனியைக் கொட்டுகிறது. அந்தப் படத்துக்கு முன்னால் ரஞ்சன் நெடுநேரம் நின்றான். முழங்கால் நோவில் நகர முடியாமல் நிற்கிறானாக்கும் என்று நினைத்து, நான் கதிரை ஒன்றை இழுத்துக் கொடுத்தேன். வேண்டாம் என்று தலையாட்டினான்.

நகர்வலம் கூட்டிப்போனவர் ரெனாட்டே என்ற எழுபத்தாறு வயதுப் பெண்மணி. ஊரார் சிப்பாய்த் தெரு என்று சொல்லும் தெருவில்தான் அவருடைய தாயார் மதுக்கடை வைத்திருந்தார். இன்று அந்தக் கடையில் ஒருவர் கைத்தொலைபேசி திருத்துகிறார். பக்கத்தில் கெபாப் கடை, எதிரே பேக்கரி. முந்நூறு மீற்றர்கூட இல்லாத தெரு. அந்தக் காலத்தில் இடது பக்கக் கடைகள் வெள்ளைச் சிப்பாய்களுக்கு, வலது பக்கக் கடைகள் கறுப்புச் சிப்பாய்களுக்கு. படைமுகாமுக்குள் பிரிவினை கூடாது என்று அமெரிக்க அரசு உத்தரவு போட்டு வருடங்கள் ஆகிவிட்டிருந்தன. முகாம் வாசலுக்கு வெளியே அந்த உத்தரவு செல்லவில்லை.

"பலகை ஏதாவது வைத்திருந்தீர்களா?" என்று கேட்டேன்.

இல்லை என்றார் ரெனாட்டே. பலகை வைத்தால் வம்பு வரும். அவர்கள் கடையில் இருந்தவை சிறிய அட்டைகள், இன்றும் உணவகங்களில் பார்க்கிறோமே, 'முன்பதிவு' என்று எழுதி மேசையில் நிறுத்துவது. கறுப்புச் சிப்பாய் ஒருவர் வாசலில் தெரிந்தால் தாயார் கண்ணைக் காட்டுவார். பதின்மூன்று வயது ரெனாட்டே ஓடிப்போய் வெறும் மேசைகளிலெல்லாம் அட்டையை நிறுத்துவார். வந்தவர்கள் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள்.

ஒருநாள் ஒருவர் மட்டும் திரும்பவில்லை. அட்டை வைத்த மேசையிலேயே உட்கார்ந்து எலுமிச்சைச் சோடா கேட்டாராம். தாயார் தலையை அசைத்தார், ரெனாட்டே கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. ஒரு மணித்தியாலம் அந்த மனிதர் தொப்பியை மடியில் வைத்தபடி இருந்தார். எழுந்து போகும்போது ரெனாட்டேயைப் பார்த்து ஜேர்மன் மொழியில் நன்றி சொன்னாராம்.

"எங்களுக்கு யாரும் கட்டளை போடவில்லை. சட்டமும் இல்லை" என்றார் ரெனாட்டே. "அம்மாவைக் குற்றம் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அட்டையை வைத்தது என் கை."

ரஞ்சன் அவரைப் பார்த்து, "அவர் பிறகு வந்தாரா?" என்று ஜேர்மனில் கேட்டான். வரவில்லையாம். ரெனாட்டேயின் கண் கலங்கிவிட்டது. ரஞ்சன் தன் இரண்டு கைகளாலும் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டான். எனக்கு அவர்கள் இருவரையும் பார்க்க முடியாமல் இருந்தது, ஏனென்றால் அந்த நேரத்தில் எனக்கு எங்கள் வீட்டு வேலி நினைவுக்கு வந்திருந்தது.

நகர்வலம் முடிய 1.40. பஸ்ஸுக்கு இன்னும் 47 நிமிடம். பேக்கரியில் கோப்பி 2.90, பிளம்ஸ் கேக் 3.20. வாங்கிக்கொண்டு பஸ் தரிப்பிடத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்தோம். வெயில் நன்றாக இருந்தது.

"கேக்கப் போறியோ இல்லையோ?" என்றான் ரஞ்சன்.

"எதை?"

"கசெல் தாண்டேக்க ஒருக்கா, ஃபிராங்க்ஃபுர்ட்டில ஒருக்கா சுத்தி வளைச்சனீ. உன்ர அக்கா என்ன கேட்டு விட்டவ எண்டு எனக்குத் தெரியாதோ?"

கேக்கை மடியில் வைத்தேன். அவன் கோபமாக இல்லை. கோப்பியை ஊதிக்கொண்டு, தன் வீடு எது, குறிச்சி எது, அப்பாவின் தொழில் எது என்று நான் கேட்காமலே சொன்னான். பிறகு இதைச் சொன்னான்:

"சந்தியில இருந்த தேத்தண்ணிக் கடையில எங்கட ஆக்களுக்குப் போத்திலிலதான் தேத்தண்ணி. வெளியில நிண்டுதான் குடிக்கோணும். அறுபதுகளில ஒருநாள் அப்பாவும் வேற நாலு பேரும் உள்ளுக்குப் போய் வாங்கில இருந்து, கிளாசில தா எண்டு கேட்டவை. நல்ல அடி. அப்பாவுக்கு முன்பல்லு ரெண்டும் போச்சுது. அடுத்த நாளும் போனவை."

"இவ்வளவு வருசமா இதை எனக்குச் சொல்லேல்லையே."

"நீ கேக்கேல்லையே."

இனி நான் சொல்லவேண்டிய முறை. சொல்லாமல் விட்டிருந்தால் இந்தப் பயணம் எனக்கு வெறும் ரயில் செலவு. எங்கள் வீட்டு வேலியில் ஒரு பால்பேணி, பழைய பால் டின், தொங்கியது. வளவு வேலைக்கு வருகிறவர்களுக்கு அதில்தான் தேநீர். உயர்த்திப் பிடித்து ஊற்ற வேண்டும், கேத்தில் மூக்கு பேணியில் முட்டக்கூடாது. அது ஏழு வயதில் என் வேலை. சிந்தாமல் ஊற்றினேன் என்று வீட்டில் பாராட்டும் கிடைத்தது. அவர்கள் பேணியை இரண்டு கையாலும் ஏந்தி நிற்பார்கள், என் அப்பாவைவிட மூத்தவர்கள். இதை அப்படியே ரஞ்சனுக்குச் சொன்னேன்.

"தெரியும்" என்றான் ரஞ்சன். "உன்ர வீடு எது, ஆக்கள் எப்பிடி எண்டு முதல் கிழமையே விசாரிச்சிட்டன்."

"விசாரிச்சுப்போட்டுமோ என்னோட சேந்தனீ?"

"சட்டி கழுவ வேற ஆள் இல்லையேடா."

இருவரும் சிரித்தோம். எதிர்ப்பக்கம் நாயோடு போன ஒருவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் ரஞ்சன் என் முகத்தைப் பார்த்தான்.

"நீ ஒரு கேள்வி கொண்டு வந்தனீ. நானும் ஒண்டு கொண்டு வந்தனான். என்ர மனுசி கேட்டு விட்டவ. எங்கட பெடியனை அந்த வீட்டுக்கு நம்பி விடலாமோ எண்டு. உன்னைப் பற்றி இல்லை, மச்சான். கலியாண வீட்டில உன்ர சொந்தம் எல்லாம் நிக்கும். ஆரும் கஜனிட்ட வந்து எவடம் எண்டு கேட்டா நீ என்ன சொல்லுவாய்? என்ர காதுக்குள்ள சொல்லுறது காணாது. அவைக்கு முன்னால என்ன சொல்லுவாய்?"

மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிக்கப் போன எனக்கு, எங்கள் வீட்டையும் ஒருவர் விசாரிக்கலாம் என்று அதுவரை தோன்றவே இல்லை. பஸ் வந்தது. அவனுக்குப் பதில் சொல்லாமல் ஏறினேன். மன்ஹைமிலிருந்து அவன் என் தோளில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டு வந்தான். அவன் இருந்திராவிட்டால் இந்த நாட்டில் என் முதல் பத்து வருடங்களை எப்படிக் கழித்திருப்பேன் என்று தெரியாது. இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தோம்.

போக நினைப்பவர்களுக்குச் சில விசயங்கள். காட்சியகம் சனிக்கிழமைகளில் மட்டும், 11 மணி முதல் 3 மணி வரை. குளிர்காலத்தில் பூட்டு. நகர்வலத்துக்கு இரண்டு வாரம் முன்பே எழுதிக் கேளுங்கள், ஆங்கிலத்திலும் செய்கிறார்கள். கட்டணம் இல்லை, உண்டியலில் போடலாம். ஊரின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. பழைய கடைக்காரரின் பேரப்பிள்ளைகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள், பொதுவில் எழுத வேண்டாம் என்று ரெனாட்டே கேட்டுக்கொண்டார். கருத்துப் பெட்டியில் கேட்டால் தனியாகச் சொல்கிறேன். மரக்கறிச் சாப்பாடு கிடைப்பது கஷ்டம், பொதி கட்டிக்கொண்டு போங்கள். பஸ்ஸைத் தவறவிட்டால் ஒரு மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். ஆனால் யாரோடாவது பேசவேண்டியது பாக்கி இருந்தால், தவறவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. ரஞ்சனிடம் இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்டேன். "எழுது. அப்பாவின்ர பல்லையும் எழுது" என்றான். அவன் பஸ் தரிப்பிடத்தில் கேட்டதற்கு என் பதிலை, எங்கள் சொந்தக்காரர் அத்தனை பேரும் வாசிக்கும் இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன்.

பெரியக்கா, நான் எழுதுவதை முதல் ஆளாக வாசித்துவிட்டுப் போன் எடுப்பவர் நீங்கள். நீங்கள் கேட்கச் சொன்னதை நான் கேட்கவில்லை. அவனாகச் சொன்னான், அது எனக்குள் இருக்கட்டும். கஜனிடமோ அவன் வீட்டாரிடமோ எவடம் என்று கேட்கிற யாருக்கும் என் வீட்டுக் கல்யாணத்தில் இடம் இல்லை. கல்யாணம் சித்திரையில், ஹனோவரில். வாங்கோ. ரஞ்சனின் பக்கத்தில் இருந்து ஒரே பந்தியில் சாப்பிடுங்கோ. நீங்கள் வராவிட்டால் நான் அழுவேன், அக்கா. ஆனால் கல்யாணம் நடக்கும்.