சனிக்கிழமை விடுப்பு

நோயாளி படுத்தபடியே மலம் கழித்த வெள்ளை எனாமல் பெட்பேன் ஒன்று என் மார்புக்கு நேரே நீட்டப்பட்டது. புரட்டாசி முதல் சனிக்கிழமை; நெற்றியில் நாமம் ஈரம் காயவில்லை, வயிற்றில் பச்சைத் தண்ணீர்கூட இல்லை. நீட்டியவர் எங்கள் டாக்டரம்மா. சித்தூரிலிருந்து திருப்பதி போகும் சாலையில், புத்தலப்பட்டுக்குப் பக்கத்திலிருந்த ஆஸ்பத்திரியில் நான் புண்ணுக்குக் கட்டுப்போடும் டிரெஸ்ஸர். ஆந்திர ராஜ்யம் பிரிந்து, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று டீக்கடைதோறும் வாய்ச்சண்டை நடந்துகொண்டிருந்த காலம். "சீழைத் தொடும் கைதானே? இதையும் பிடி" என்றார், தன் புத்தகத் தமிழில். வார்டே வேடிக்கை பார்த்தது. அன்றிலிருந்து அந்த அம்மாளைக் கண்டாலே எனக்கு ஆகாது.

அவர் யூதர். ஜெர்மனியில் தாய் தகப்பன் உட்பட எல்லோரையும் பறிகொடுத்துவிட்டு வந்தவர். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள். அடுப்பு மூட்டமாட்டார், பேனா தொடமாட்டார், நோயாளிக்கு ஒன்றென்றால் மட்டும் ஓடிவருவார். பெருமாளுக்கு உகந்த கிழமையை இவரும் கொண்டாடுகிறாரே என்று முதலில் எனக்குச் சந்தோஷம்தான். அதோடு விட்டிருக்கலாம். கழிப்பறை கழுவும் பெண்ணுக்கும் சனிக்கிழமை விடுப்பு கொடுத்துவிட்டார். ஏன் என்று கேட்டால், "நாங்கள் அடிமையாக இருந்த ஜனங்கள். அடிமைக்குத்தான் ஓய்வு நாள் கிடையாது. வேலைக்காரி ஓயாமல் நான் மட்டும் ஓய்ந்தால் அது பக்தி இல்லை, சோம்பேறித்தனம்" என்றார். சரி, அவள் வேலையை யார் செய்வது? நாங்கள் எல்லோரும் முறை வைத்துச் செய்யவேண்டுமாம். என் முறை வந்தபோது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். டாக்டரம்மாவே அந்தப் பெட்பேனை ஏந்திக்கொண்டு போனார். அந்தப் பெண்ணோ கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில், மகளுக்குத் தலைவாரிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவள் சும்மா இருந்ததைப் பார்த்துத்தான் எனக்கு வயிறெரிந்தது.

மனு எழுத வேண்டுமென்றால் வார்டில் எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். இரண்டு பாஷையும் என் கைக்கு வரும். டாக்டரம்மா தெலுங்கர் பக்கம் சாய்கிறார் என்று தமிழில் ஒன்று, தமிழருக்கே இடம் கொடுக்கிறார் என்று தெலுங்கில் ஒன்று எழுதி, நோயாளிகளிடம் கைநாட்டு வாங்கி, இரண்டையும் ஆஸ்பத்திரிக் கமிட்டிக்கு அனுப்பினேன். இரண்டுமே பொய். அன்றைய கொதிப்பில் இரண்டுமே எடுபட்டன. ஒரே மாதத்தில் அவரைப் பெட்டி கட்ட வைத்தார்கள். ஜீப்பில் ஏறும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன். அதைச் சொல்லவும் விடாமல் போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமையே அந்தப் பெண் பழையபடி வாளியும் துடைப்பமுமாக வந்தாள். இன்று நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வாரத்தில் ஏழு நாளும் சும்மா இருக்கிறேன். வருஷம் தவறாமல் திருமலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொள்கிறேன். சந்நிதியில் வாய் திறந்தால் டாக்டரம்மாவின் முகம் குறுக்கே வந்து நிற்கிறது; நிம்மதியாகக் கும்பிடக்கூட விடாத மனுஷி என்று இப்போதும் எரிச்சலாக வருகிறது. அவரையாவது வைதுவிட்டுத் திரும்பிவிடலாம். அந்தப் பெண்ணை வைய எனக்கு ஒரு வார்த்தையும் கிடைப்பதில்லை.

டாக்டரம்மா போன சில வாரங்களில் அவள் கட்டுப்போடும் அறையின் வாசலில் வந்து நின்றாள். அந்த மனுக்களை எழுதியது யாரென்று அவளுக்குத் தெரியாது.

"டாக்டரம்மா போனதும் என் சனிக்கெயமை லீவு பூட்ச்சி சாமி. நீதான் நல்லா எய்துவியாமே, எனக்கொரு மனு எய்திக் குடு. அந்த ஒரு நாளுதான் என் பொண்ணு மூஞ்சிய வெளிச்சத்துல பாத்துக்கினு இருந்தேன்."

பேனா என் சட்டைப் பையில்தான் இருந்தது. மை தீர்ந்துவிட்டது என்றேன்.

மறு வாரம் அவள் ஒரு மைப்புட்டி வாங்கிக்கொண்டு வந்து நின்றாள்.