பால்கோவாவுக்குச் செல்லக்கனி கட்டிய கதை

ராஜபாளையத்து நூற்பாலையில் நூலைக் கோனில் சுற்றும் செல்லக்கனிக்கு, முடிச்சுப் போட்ட நூலை இரண்டு கையாலும் சுண்டி இழுத்துப் பார்த்தால்தான் மனம் ஆறும். வீட்டிலும் அதே புத்தி. காய்க்காரன் தராசு, சிலிண்டர் சீல், சாமி படத்துக்குப் பின்னாலிருக்கும் பல்லி, ஒன்றையும் நம்ப மாட்டாள். காரணம் இருந்தது. மில்லில் ஃபிட்டர் வேலை என்று சொல்லி அவளைக் கட்டிய மனுசன், விருந்தெல்லாம் முடிந்த பிறகும் பத்து மணி வரை தூங்கினான். எந்த மில்லும் அவனைத் தேடி வரவில்லை.

இப்போது மகள் அனுசியாவைப் பெண் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளை விஜயபாண்டி எலக்ட்ரீசியனாம். அவன் அப்பா இருளப்பசாமி திறந்த வாயை மூடவில்லை.

“நம்ம பஞ்சுக்கு முன்னால ஒரு ‘ஸ்’ சேத்துத்தான் வெள்ளைக்காரன் ஸ்பாஞ்சுன்னான். பேச்சு, ஸ்பீச்சு ஆயிருச்சு. எல்லாம் நம்மகிட்ட களவாண்டது, தங்கச்சி.”

வார்த்தைக்கே பிறந்த ஊரை மாற்றுகிறவர், மகன் வேலையை மட்டும் மாற்றாமலா சொல்லியிருப்பார்? செல்லக்கனி சுண்டிப் பார்க்க முடிவு செய்தாள்.

“அண்ணே, உங்க ஊரு பால்கோவா கதை தெரியும்லா? கோவாவுல இருந்து வந்த ஒருத்தரு பாலை அடுப்புல வச்சுட்டு அசந்து தூங்கிட்டாராம். அதான் அந்தப் பேரு.” அந்த நிமிடம் அவளே கட்டிய கதை.

“அம்புட்டும் உண்மை,” என்றார் இருளப்பசாமி. “அவரு தூங்குன கட்டிலு இன்னும் எங்க வீட்டுல கெடக்கு.”

செல்லக்கனி மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள். “நீங்க என்ன சொல்லுதிய?”

அவனுக்குக் காது சிவந்தது. “அப்படிக் கட்டிலு எதுவும் இல்ல அத்தை. நான் எலக்ட்ரீசியனும் இல்ல. இன்னும் ஹெல்ப்பர்தான். லைசென்ஸுக்கு எழுதிப் போட்டிருக்கேன்.”

“ஏலே,” என்றார் இருளப்பசாமி, மெதுவாக.

“யாருகிட்ட ஹெல்ப்பர்? நம்பரைச் சொல்லுங்க.”

அங்கேயே போன் போட்டாள். பையன் நேரத்துக்கு வேலைக்கு வருவான் என்றார் முதலாளி. இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள்.

“ஏட்டி, ஒனக்குச் சம்மதமா?” என்று மகளைக் கேட்டாள்.

“கட்டிலு இல்லன்னு சொன்னாவல்லா,” என்றாள் அனுசியா. “அது போதும்.”

பூ வைத்து உறுதி செய்த மறுவாரம், செல்லக்கனியின் வாட்ஸப்பில் கோவாக்காரர் கதை வந்தது. அனுப்பியவர் சம்பந்தி. ஆதாரமாகக் கட்டில் படமும் இருந்தது. அவள் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். கட்டில் காலில் கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டு அப்படியே இருந்தது.