தறிச் சத்தம்

அமெரிக்காவில், காப்பெல் ஊரிலுள்ள என் வீட்டில் வாஷிங் மெஷினுக்குள் துணியெல்லாம் ஒரே பக்கம் சேர்ந்து, தடக் தடக்கென்று அடிக்க ஆரம்பித்தது. நிறுத்தப் போன நான் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் ஊர் விசைத்தறிப் பட்டறையின் சத்தம் அது.

கடலைக்காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த அப்பாவை, தாத்தாதான் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினாராம். எல்லைச் சண்டையில் பீரங்கிக்குப் பக்கத்திலேயே நின்றதில் அப்பாவின் இடது காது போய்விட்டது. ஊர் திரும்பியதும் ஒரு மில்லில் வாட்ச்மேன் ஆனார். காது விஷயத்தை அங்கே சொல்லவில்லை. ஒருநாள் இடப்பக்கமாக வந்த முதலாளியின் கார் ஹாரன் அடித்தும் கேட்டைத் திறக்காமல் நின்றார். அன்றே வேலை போனது.

அப்புறம்தான் தறி ஓட்டப் போனார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கேதான் போவேன். பஞ்சுத்தூசி மூக்கில் ஏறும். எல்லோரும் கையால்தான் பேசிக்கொள்வார்கள்.

"இங்க எவனுக்குமே காது கேக்காது கண்ணு. எல்லாரும் என்னாட்டந்தான்," என்று வெளியே வந்து சிரிப்பார் அப்பா.

பக்கத்துத் தறிக்காரர் விடமாட்டார். "பட்டாளத்தாரே, புள்ளைய வூட்டுக்கு அனுப்புங்க. அதுக்காவது காது மிஞ்சட்டும்!"

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். அந்தத் தறிதான் என்னை இன்ஜினியர் ஆக்கியது. அப்பாவின் வலது காதையும் அதுவே எடுத்துக்கொண்டது.

மெஷினை நிறுத்திவிட்டு வீடியோ கால் போட்டேன். "அப்பா, எனக்கு கிரீன் கார்டு வந்திருச்சுப்பா!"

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா கடைக்குப் போயிருக்கா கண்ணு," என்றார். "வந்ததும் அவகிட்டச் சொல்லு."